பெயர் வரும் இடம்

1

இந்தக் கதை ஒரு பாதி வரியிலிருந்து வந்தது. நான் எழுதிய வரி அல்ல. ஒரு போனில் கேட்ட வரி.

திருப்போரூரில் ராஜாராம் என்பவரின் டிபன் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கல்லாவுக்குப் பின்னால் அவர் அம்மாவின் படம். மாலை, சின்ன பல்பு. அன்று அம்மாவின் நினைவு நாள். அதற்காகக் கடையை மூடவில்லை. மூடினால் அம்மா எழுந்து வந்து திட்டுவார் என்றார். மூடுவதற்குப் பதிலாகப் போனில் ஒரு பாட்டைப் போட்டார். அம்மாவின் சாவு வீட்டில் பாடிய கானா. டோலக், பின்னால் அழுகை, யாரோ பிளாஸ்டிக் நாற்காலி இழுக்கும் சத்தம். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு குரல்.

செருப்பு வாசல்லதான் கீது, ராஜம்மா
சோறு அடுப்புலதான் கீது, ராஜம்மா
சொல்லாம எங்க கெளம்பின, ராஜம்மா
சொல்லு, நானும்

அவ்வளவுதான். எங்கோ ஒரு போன் அடிக்கிறது. குரல் நிற்கிறது. டோலக் மட்டும் தெரியாமல் இரண்டு அடி ஓடி, பிறகு அதுவும் நிற்கிறது.

"மிச்சம்?" என்றேன்.

"மிச்சம் இல்ல சார். போன் வந்துச்சி, எழுந்து பூட்டாரு. டோலக்கு அடிக்கிறவரு ஒண்டியா ஒக்காந்துகினு இருந்தாரு, பாவம். இன்னொரு தோச வைக்கவா?"

சொல்லு, நானும் என்ன? ஒரு வரியைப் பாதியில் விட்டுவிட்டு ஒருவன் எழுந்து போகிறான். அது என் தொழிலில் தினமும் நடப்பது. ஆனால் நான் எழுந்து போனால் யாரும் போனில் வைத்துக்கொண்டு வருடா வருடம் கேட்பதில்லை.

(தோசை வைக்கச் சொன்னேன்.)

2

பாடியவர் பெயர் படாளம் ஜெபா. ஜெபக்குமார். செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு வெளியே ஆட்டோ ஓட்டுகிறார் என்று ராஜாராம் சொன்னார். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஆட்டோவின் பின்னால் அவரே அவர் பெயரை எழுதி வைத்திருந்தார். பெயருக்கு இரண்டு பக்கமும் மைக் படம்.

அவரைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் ஒரு நிபந்தனை விதித்தார். எழுதியதை அவ்வப்போது படித்துக் காட்ட வேண்டும். ஒத்துக்கொண்டேன். அது தவறு. எழுதுகிற எவரும் ஒத்துக்கொள்ளக் கூடாதது.

தொடக்கம் ஒன்று: "படாளத்தில் கரும்பு வெட்டும் மாதத்தில், வெட்டுக்குப் போன தாய்க்கு வரப்பில்"

"நான் பொறந்தது செங்கல்பட்டு ஆஸ்பத்திரில. வரப்புல எவன் பொறந்தான்?"

தொடக்கம் இரண்டு: "கடல் தாண்டிய நாடு ஒன்றில், தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகள் தங்கள் துக்கத்தைப் பாடினார்கள். அந்தப் பாட்டுக்கு ப்ளூஸ் என்று, ஒரு நிறத்தின் பெயரை வைத்தார்கள். நிலமில்லாத கூலிகளின் பிள்ளைகள் செங்கல்பட்டுப் பக்கம் பாடியதற்கு"

"இன்னா கலரு?"

"நீலம்."

"எனக்குப் பச்சதான் புடிக்கும்."

தொடக்கம் மூன்று: "அவர் குரலில் ஒரு"

ஒரு என்ன என்று மூன்று நாள் யோசித்தேன். ஈரம் என்று எழுதினால் கொன்றுவிடலாம் போல இருந்தது, என்னை. விட்டுவிட்டேன்.

இப்போது நீங்கள் படித்த தொடக்கம் நான்காவது. அதைப் படித்துக் காட்டியபோது ஜெபா, "தோசைக்கு இன்னா சட்னினு போடலியே" என்றார். அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டேன்.*

* தக்காளிச் சட்னி.

3

வாழ்க்கை வரலாறு, சுருக்கமாக.

பள்ளிக்கூடம் எட்டாவது வரை. பிறகு லாரி கிளீனர், பந்தல் வேலை, ஷேர் ஆட்டோ. பந்தல் போடப் போன ஒரு சாவு வீட்டில் பாட்டுக்காரர் போதையில் தூங்கிவிட்டார். பந்தல்காரன் பாடினான். அங்கிருந்து ஆரம்பம். படாளத்திலிருந்து மாமல்லபுரம் வரை, யார் வீட்டில் சாவு என்றாலும் கூப்பிட்டார்கள். இந்து வீடு, கிறிஸ்தவ வீடு என்று அவர் பார்க்கவில்லை. பாஸ்டர் வருவதற்குள் முடித்துவிட வேண்டும், அதுதான் வித்தியாசம்.

ஆயிரம் வீட்டில் பாடியிருப்பதாகச் சொல்கிறார். முதல் நாள் எழுநூறு என்றார். நான் எழுத ஆரம்பித்ததும் ஆயிரம் ஆனது.

அவருடைய பதிவுகள்: ஒரே ஒரு கேசட் வந்தது. அட்டையில் இருக்கும் படம் அவருடையது அல்ல. படம் எடுக்கும் அன்று அவருக்கு மெட்ராஸ் ஐ. அதனால் டோலக் வாசிக்கும் பாலாவை நிறுத்திப் படம் எடுத்துவிட்டார்கள்.

"ரெண்டு வருசம் அவனத்தான் எல்லாரும் ஜெபானு கூப்டாங்க. அந்த நாயி திரும்பிப் பாத்துச்சி சார். சிரிக்க வேற செய்யும்."

மற்றதெல்லாம் சாவு வீட்டில் யாரோ போனில் எடுத்தவை. அவை அந்தந்த வீட்டில்தான் இருக்கின்றன. அவரிடம் ஒன்றுகூட இல்லை. வைத்துக்கொள்ளக் கூடாது. செத்தவர் பெயர் சொல்லும் பாட்டை, பாடினவன் தன் வீட்டில் வைக்கிற வழக்கமில்லை.

பாட்டு ஒன்றுதான் என்பதையும் சொல்ல வேண்டும். வரிகள் ஏழெட்டு தினுசு. ஆனால் பெயர் வரும் இடம் காலியாக இருக்கும். வீட்டுக்குப் போனதும் ஓரமாக யாரையாவது கூப்பிட்டு "இன்னா பேரு?" என்று கேட்பார். அந்தப் பெயரை வாய்க்குள் நாலைந்து முறை சொல்லிப் பார்ப்பார். பாட்டில் உட்காரும்வரை. நீளமான பெயராக இருந்தால் சுருக்கிக்கொள்வார். பிறகு பாடுவார்.

முடிந்ததும் ஒரு காரியம். தண்ணீர் கேட்டு வாங்கி, வாசலுக்கு வெளியே போய் வாய் கொப்புளித்துத் துப்புவார்.

"பேர துப்பிட்டுதான் வூட்டுக்கு வரணும். இல்லாங்காட்டி அது வாய்லயே ஒக்காந்துக்கும். அடுத்த வூட்ல போயி அது வந்துச்சினா அசிங்கம். ஒரு நாளுகூட கொப்புளிக்காம வந்தது இல்ல நான்."

இதைக் கேட்டதும் எனக்கு மகிழ்ச்சி. கதைக்கு இது போதும் என்று நினைத்தேன். எழுத்தாளன் இப்படித்தான். ஒருவர் நாற்பது வருடம் பாடியிருப்பார். அவனுக்கு அவர் தண்ணீர் துப்புவது போதும்.

4

ராஜாராம் எனக்கு அனுப்பிய பதிவை ஆட்டோவில் உட்கார்ந்து ஜெபாவுக்குப் போட்டுக் காட்டினேன். ராஜம்மா, ராஜம்மா, ராஜம்மா, சொல்லு, நானும். போன் அடிக்கிறது. நின்றது.

"வாய்ஸு நல்லா கீது" என்றார். ஒரு சவாரி வந்தது, போகவில்லை.

பிறகு சொன்னார். அந்த போன் அவருடையது.

அன்று அவர் மனைவி வரலட்சுமி இங்கே செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். கொஞ்ச நாளாக. இனிமேல் எழுந்திருக்க மாட்டார் என்று தெரியும், என்றைக்கு என்றுதான் தெரியாது. திருப்போரூரிலிருந்து கூப்பிட்டார்கள். போகவில்லை என்று சொல்ல இருந்தார்.

"அவதான் 'போ'ன்னா. ஒத்துக்கினா போய்டு, அவுங்க வூட்ல பொணத்த வெச்சிகினு இருப்பாங்கன்னா. போனேன். பாடிகினு இருக்கேன். போன் வருது."

"யார் பேசினார்கள்?"

"ஜாய்ஸு. எம் பொண்ணு. அழுவுது. அவ்ளோதான், எழுந்து வந்துட்டேன்."

அவரே தொடர்ந்தார்.

"அவ அதுக்கு முன்னாடியே சொல்ட்டா. 'எனக்கு நீதான் பாடணும். ஊரு சாவுக்கெல்லாம் பாடிட்டு எனக்கு வேற ஆள வைக்காத'ன்னா. சரின்னேன். வூட்டுக்கு வந்தேன். பாஸ்டரு நாலு மணிக்கு வர்றாரு, அதுக்குள்ள முடிக்கணும். பாடினேன் சார். எப்டி பாடினேன்னு எனக்கே தெரியாது. ஆனா பாடினேன். அவளுக்கு நான் பண்ணதுல மத்தது எல்லாம் தப்பு. குடிச்சேன். வூட்ல இருந்தது இல்ல. அது ஒன்னு சரியா பண்ணேன்."

அதற்குப் பிறகு அவர் பாடவில்லை. தொண்டை போய்விட்டது என்கிறார். டாக்டரிடம் காட்டினாரா என்றால் இல்லை.

அந்தப் பாட்டை வரலட்சுமியின் தம்பி போனில் எடுத்தான். பார்த்திபன். மாமல்லபுரத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். அன்றிலிருந்து அவன் ஜெபாவிடம் பேசுவதில்லை. ஏன் என்று ஜெபாவுக்குத் தெரியாது. அக்காவை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளவில்லை என்ற கோபம், நியாயம்தான் என்கிறார். பாட்டை மட்டும் கொடுத்தால் போதும்.

"மத்த பாட்ட வெச்சிக்கக் கூடாது. பொண்டாட்டி பாட்ட வெச்சிக்கலாம் இல்ல? அவ வூடுதான அது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க கேளுங்க சார். எழுதற ஆளுனா குடுப்பான்" என்றார்.

எழுதுகிற ஆள் என்று சொல்லி யாரும் எனக்கு எதையும் கொடுத்ததில்லை. ஆனாலும் போனேன்.

[இந்த இடத்தில் வரலட்சுமியைப் பற்றி ஒரு பத்தி வர வேண்டும். எழுதிப் பார்த்தேன். "அவர் மனைவி அமைதியானவள்" என்று ஆரம்பித்தது. ஜெபா இல்லை என்று தலையாட்டினார். "அமைதியா? ஸ்டாண்டுக்கு வந்து எல்லாரு முன்னாடியும் என் சட்டைய கிழிச்சா ஒரு வாட்டி." அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். எனக்கு அவரைத் தெரியாது. தெரியாதவரைப் பற்றி எழுதும்போது கை தானாக "அமைதியானவள்" என்று எழுதுகிறது.]

5

பார்த்திபன் ஒரு போனைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணில் லென்ஸ் மாட்டிக் குனிந்திருந்தான். நிமிரவில்லை.

"டிஸ்ப்ளேவா, பேட்டரியா?"

"ஜெபா அனுப்பினார்."

லென்ஸைக் கழற்றினான். "செத்துட்டானா?"

"இல்லை."

"அப்ப இன்னா?"

சொன்னேன். கேட்டுக்கொண்டே ஒரு ஸ்க்ரூவை இடுக்கியால் எடுத்துக் காந்தத் தட்டில் வைத்தான். இன்னொன்று வைத்தான். கடை வாசலில் சுற்றுலா வந்த ஒரு குடும்பம் சார்ஜர் கேட்டது. கொடுத்து அனுப்பினான்.

"கத எழுதறியா? அப்ப கேளு. கேட்டுட்டு எழுது."

மேசை டிராயரிலிருந்து ஒரு பழைய போனை எடுத்து ஹெட்செட்டை மாட்டி என்னிடம் கொடுத்தான். நான் கேட்கும்போது என் முகத்தையே பார்த்தான்.

அதே பாட்டு. ஆனால் டோலக் இல்லை. பாலா திருப்போரூரில் உட்கார்ந்திருந்தான் அல்லவா. வெறும் குரல்.

செருப்பு வாசல்லதான் கீது, லச்சுமி
சோறு அடுப்புலதான் கீது, லச்சுமி
சொல்லாம எங்க கெளம்பின, லச்சுமி
சொல்லு, நானும் வரேன் கூட, ராஜம்மா

அங்கிருந்து கடைசி வரை ராஜம்மாதான். ஒவ்வொரு அடியிலும். உருகி உருகி ராஜம்மா. ராஜம்மா இல்லாத வீட்டில் விளக்கு எரியவில்லை. ராஜம்மா சீவிய சீப்பில் முடி இருக்கிறது. ராஜம்மாவுக்காக அந்த மனிதர் அழுகிறார். நான் கேட்டதிலேயே அது சிறந்த பாட்டு. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, எனவே இப்படியே சொல்லிவிடுகிறேன்.

ஹெட்செட்டைக் கழற்றினேன்.

"கேட்டியா? எங்க அக்கா பொணத்த முன்னால வெச்சிகினு எவளோ ஒருத்தி பேர சொல்லி அழுவறான். யாரு சார் அவ? ஒனக்கு தெரியுமா? நானும் ஊரெல்லாம் விசாரிச்சிட்டேன். படாளத்துல ஒரு ராஜம்மா கீது, அதுக்கு கண்ணு தெரியாது. மதுராந்தகத்துல ஒன்னு, அது நர்ஸு. அதுவா இருக்கும்னு வெச்சிருந்தேன்."

"வேறு யாருமே கவனிக்கவில்லையா?"

"எல்லாம் அழுதுகினு இருந்தாங்க. பாஸ்டரு வர்றாருனு வாசல்ல ஒரே அவசரம் வேற. நான் ஒருத்தன்தான் போன புட்ச்சிகினு நின்னேன். ரெகார்டு பண்றவன் அழ முடியாது சார். கை ஆடும்."

நான் என் போனை எடுத்தேன். ராஜாராம் அனுப்பிய பதிவைப் போட்டேன். ராஜம்மா, ராஜம்மா, ராஜம்மா, சொல்லு, நானும். போன் அடிக்கிறது. நின்றது.

"இது அன்றைக்குக் காலையில் எடுத்தது. திருப்போரூரில் ராஜம்மா என்று ஒரு பாட்டி. டிபன் கடை வைத்திருந்தார். அவர் சாவுக்குப் பாடிக்கொண்டிருக்கும்போதுதான் உங்கள் அக்கா போன செய்தி வந்தது. பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார்."

வாய் கொப்புளிக்கும் வழக்கத்தையும் சொன்னேன். அன்று அவர் கொப்புளிக்கவில்லை. போன் வந்து எழுந்து ஓடுகிறவனுக்கு யார் தண்ணீர் கொடுப்பார்கள்? திருப்போரூரில் பாட்டு நின்ற இடத்திலிருந்து அவர் நாக்கு வீட்டுக்கு வந்து ராஜம்மாவைப் பாடி முடித்திருக்கிறது.

பார்த்திபன் இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். முதலில் என்னுடையதைப் போட்டான். அது நின்ற இடத்தில் அவனுடையதைப் போட்டான். வரேன் கூட, ராஜம்மா. ஒட்டியது.

"கெழவியா?" என்றான்.

"எண்பது இருக்கும்."

"டிபன் கட?"

"இட்லி நன்றாக இருக்கும் என்கிறார்கள்."

இரண்டு போனையும் அணைத்தான். பிறகு, "ஜாய்ஸு கல்யாணத்துக்குப் போயிட்டு பந்தில ஒக்காராம வந்தேன் சார். அந்தப் புள்ள பின்னாலயே ஓடியாந்துச்சி, மாமா மாமான்னு. ஒரு இட்லி கடக்காரிக்கோசரம்" என்றான். சிரித்தான் என்றுதான் முதலில் நினைத்தேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு டீ சொன்னான். டீ வருவதற்குள் பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டான். திரையில் பாட்டு மலைத்தொடர் போலத் தெரிந்தது.

"என்ன செய்கிறீர்கள்?"

"முதல் மூணு அடில அக்கா பேரு சரியா கீது இல்ல? அத வெட்டி மத்த எடத்துல ஒட்டிட்டா போச்சி. கேட்டா செத்துடுவான் சார் அந்தாளு. அது ஒன்னுதான் சரியா பண்ணேன்னு சொல்லிகினு கீறான்னு நீதான சொன்ன?"

தடுத்திருக்கலாம். டீ குடித்தேன்.

அவன் கைதேர்ந்தவன். ராஜம்மா ஒவ்வொருவராக வெளியே போனார். லச்சுமி வந்து உட்கார்ந்தார். முடித்துப் போட்டுக் காட்டினான். "ஜாயின்ட்டு தெரியுதா பாரு." தெரியவில்லை. என் போனில் இரண்டையும் ஏற்றிக் கொடுத்தான். பழையது "அக்கா 1". ஒட்டியது "அக்கா 2".

"எத குடுக்கறதுனு நீ பாத்துக்க. நீதான கத எழுதற."

நான் படி இறங்கியதும் பின்னாலிருந்து கூப்பிட்டான். "நான் குடுத்தேன்னு சொல்லாத." நாலு அடி போனதும் மறுபடியும். "இல்ல, சொல்லு."

6

முடிவுகள். கையிருப்பில் உள்ளவை.

(அ) அக்கா 2 கொடுக்கிறேன். ஜெபா கேட்கிறார். தான் சரியாகத்தான் பாடினோம் என்று நிம்மதியாக இருக்கிறது. மச்சானும் மாமாவும் சேர்கிறார்கள். எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். பத்திரிகைக்காரர் இதைத் திருப்பி அனுப்புவார். அதைவிட, அது அவர் பாடிய பாட்டு இல்லை. கேசட் அட்டையில் பாலா படம் போட்ட மாதிரி.

(ஆ) அக்கா 1 கொடுக்கிறேன். ஜெபா கேட்கிறார். உடைந்து போகிறார். பத்திரிகைக்காரருக்குப் பிடிக்கும். வாசகர் கடிதம் வரும். ஜெபாவிடம் இருந்த ஒன்று போய்விடும்.

(இ) நான் செங்கல்பட்டுக்கு வந்து சேர்வதற்குள் ஜெபா இறந்துவிடுகிறார். இது மிகவும் வசதி. அவர் சாவுக்கு யார் பாடுவார் என்று ஒரு பத்தி எழுதி நிறுத்திவிடலாம். ஆனால் முதல் வாரத்திலேயே அவர் சொல்லிவிட்டார்: "கடசில என்ன சாவடிச்சிடாத சார். பாட்டுக்காரன் கதனா அதான் பண்றானுங்க." வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

(ஈ) போன் தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடுவது. இதையும் யோசித்தேன். பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வரை இதைத்தான் யோசித்தேன்.

(உ)

உ இல்லை.

7

செங்கல்பட்டு, கொளவாய் ஏரிக்கரை. காலை. ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு ஜெபா பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார். தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவியிருந்தார். சவாரிக்குப் போடாத சட்டை.

"குடுத்தானா?"

"கொடுத்தார். சொல்லச் சொன்னார்."

"இன்னான்னு?"

"அவர்தான் கொடுத்தார் என்று."

"மச்சான் நல்லவன் சார்" என்றார். "கோவக்காரன். அவுங்க பரம்பரையே சட்ட கிழிக்கிற பரம்பர."

போனை நீட்டியிருக்க வேண்டும். அதற்குப் பதில் காகிதத்தை எடுத்தேன். எழுதியவரை படிக்கிறேன் என்றேன். நான் நேரம் கடத்துகிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். இருந்தும் கேட்டார். நான்காம் பகுதி வரை படித்தேன். ஐந்தாம் பகுதி அடியில் இருந்தது.

"வரலட்சுமி யாரு?" என்றார்.

"உங்கள் மனைவி. கதையில் பெயரை மாற்றியிருக்கிறேன்."

வாசகருக்கு: ஆமாம். வரலட்சுமி என்பது அவர் பெயர் இல்லை. பாட்டில் வருவதும் லச்சுமி இல்லை. உயிரோடிருக்கும் குடும்பத்தைப் பற்றி எழுதும்போது பெயரை மாற்றுவது எங்கள் தொழிலில் வழக்கம். நான்காம் பகுதியிலிருந்து நானும் அந்த அம்மாவுக்கு வேறொரு பெண்ணின் பெயரைத்தான் பாடிக்கொண்டிருக்கிறேன். நீங்களும் தடுக்கவில்லை.

"யாரு பேரு அது?"

"யாருடையதும் இல்லை. வாயில் வந்தது."

அவர் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். வரலட்சுமி. வரலட்சுமி. லட்சுமி. லச்சுமி. விரல் ஆட்டோவின் கம்பியில் தாளம் போட்டது. நாலைந்து முறை.

"ஒக்காருது" என்றார். "பாட்டுக்கு நல்லா ஒக்காருது."

பிறகு முன் சீட்டுக்கு அடியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினார். கரை ஓரமாகப் போய் வாய் கொப்புளித்தார். ஏரிப் பக்கம் துப்பவில்லை, ரோட்டுப் பக்கம் துப்பினார். மறுபடியும் ஒரு வாய். துண்டால் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"வேற ஆளு பேரு சார். அத வெச்சிகினு அவ பாட்ட கேக்கக் கூடாது. இப்ப போடு."

போனைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். திரையில் இரண்டு வரி. அக்கா 1. அக்கா 2.

கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டு கீது?"

"இரண்டிலும் நீங்கள்தான் பாடுகிறீர்கள்" என்றேன். அது பொய் இல்லை.

"ரெண்டு வாட்டி நான் பாடலியே."

மடியில் இருந்த ஐந்தாம் பகுதியைக் காற்று புரட்டியது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டேன். அவர் என் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு போனை. கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

செருப்பு வாசல்லதான் கீது, [          ]

இரண்டு பாட்டும் இப்படித்தான் ஆரம்பிக்கும். முதல் மூன்று அடி இரண்டிலும் ஒன்றுதான். நான்காம் அடியில்தான் தெரியும், அவர் எதைத் தொட்டார் என்று.

நான் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீங்கள் கேளுங்கள்.